அவுட்டா, நாட் அவுட்டா? அம்பயர் தப்பு செய்தால் யார் கேட்பது? பழையசீவரம் மைதானம் முதல் ஐபிஎல் வரை... ரசிகர்கள் கொதிப்பது ஏன்?

காஞ்சிபுரம் மாவட்டம் பழையசீவரம் பக்கம், பாலாற்றை ஒட்டிய ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை டென்னிஸ் பால் மேட்ச் நடந்தால், அம்பயர் வெளியூரில் இருந்தெல்லாம் வரமாட்டார். பேட்டிங் ஆடுகிற டீமில் இன்னும் இறங்காத பையனோ, டக் அவுட் ஆகி வந்து உட்கார்ந்திருக்கிற பையனோதான் அம்பயர். அவன் கொடுக்கிற ஒயிடுக்கு பவுலிங் டீம் கத்தும். கொடுக்காத ஒயிடுக்கு சொந்த டீமே கத்தும். "டேய், நீ யாரு சைடுடா?"

இந்த மேட்ச்களில் பெரும்பாலும் எல்.பி.டபிள்யூ கிடையாது. காரணம் ரொம்ப சிம்பிள். கொடுத்தால் மேட்ச் முடியாது, சண்டைதான் வரும். எந்த ரூலில் பிரச்னை வருமோ, அந்த ரூலையே தூக்கிவிட்டார்கள் நம்ம ஊர் பசங்க. கோடிக்கணக்கில் பணம் புரளும் பெரிய கிரிக்கெட்டால் அப்படிச் செய்ய முடியாது. அதனால் கேமரா வைத்தார்கள், மைக் வைத்தார்கள், பந்து போகும் பாதையை கம்ப்யூட்டரில் வரைந்தார்கள். அப்படியும் ரசிகர்களின் கோபம் அடங்கவில்லை. ஏன்?

கோவையில் அஸ்வின் ஏன் கொதித்தார்?

2025 ஜூன் 8, கோவை. டி.என்.பி.எல் தொடரில் திண்டுக்கல் டிராகன்ஸ், திருப்பூர் தமிழன்ஸ் அணிகள் மோதின. திருப்பூர் கேப்டன் சாய் கிஷோர் வீசிய பந்தில் திண்டுக்கல் கேப்டன் அஸ்வினுக்கு எல்.பி.டபிள்யூ கொடுக்கப்பட்டது. பந்து லெக் ஸ்டம்புக்கு வெளியே பிட்ச் ஆனது என்பது ரீப்ளேயில் தெரிந்தது. லெக் ஸ்டம்புக்கு வெளியே பிட்ச் ஆன பந்துக்கு எல்.பி.டபிள்யூ கிடையாது. இது கிரிக்கெட்டின் அரிச்சுவடி.

அப்போ ரிவ்யூ கேட்டிருக்கலாமே என்றால், அங்கேதான் சிக்கல். திண்டுக்கல் அணி தன்னிடம் இருந்த 2 ரிவ்யூக்களையும் அதற்கு முன்பே ஒயிடுக்காகச் செலவழித்து முடித்திருந்தது. அஸ்வின் அம்பயரிடம் வாதாடிப் பார்த்தார். பிறகு பேடில் பேட்டை ஓங்கி அடித்துக்கொண்டே வெளியேறினார். முடிவை எதிர்த்ததற்கு சம்பளத்தில் 10 சதவீதம், உபகரணத்தை அடித்ததற்கு 20 சதவீதம் என மொத்தம் 30 சதவீதம் அபராதம்.

அந்த வீடியோவைப் பார்த்தவர்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்தார்கள். "இவ்வளவு சீனியர் வீரர் இப்படி நடந்துக்கலாமா?" என்பது ஒரு பக்கம். "அவுட்டே இல்லாததுக்கு அவுட் கொடுத்தா கோபம் வராதா?" என்பது இன்னொரு பக்கம். இரண்டு கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. ஆனால், கையில் இருந்த 2 ரிவ்யூவை ஒரு ரன் ஒயிடுக்காக யார் வீணடித்தது என்பதையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும்.

இதே அஸ்வின், 2023 டி.என்.பி.எல் தொடரில் ரிவ்யூ முடிவையே ரிவ்யூ கேட்டவர் என்பது ஞாபகம் இருக்கும். திருச்சி அணிக்கு எதிரான அந்த மேட்சில், அவர் பந்தில் கொடுக்கப்பட்ட கேட்ச் அவுட்டை எதிர்த்து பேட்ஸ்மேன் ரிவ்யூ போனார். மூன்றாவது அம்பயர் நாட் அவுட் என்றார். உடனே அஸ்வின் தன் பங்குக்கு ஒரு ரிவ்யூ! அதன் பிறகும் நாட் அவுட்தான். டி.ஆர்.எஸ் அந்த சீசனில்தான் டி.என்.பி.எல்லுக்கே வந்திருந்தது.

கரண்ட் இல்லை, அதனால் ரிவ்யூ இல்லை!

சிஎஸ்கே ரசிகர்களிடம் "மோசமான அம்பயரிங்" என்று சொன்னால் போதும், 2022 மே 12ஆம் தேதியை இழுத்துக்கொண்டு வருவார்கள். மும்பை வான்கடே மைதானத்தில் மின்தடை. டி.ஆர்.எஸ் இயங்கவில்லை. அதற்காக மேட்சை நிறுத்தவில்லை, ரிவ்யூ இல்லாமலேயே ஆரம்பித்துவிட்டார்கள்.

முதல் ஓவரிலேயே டெவான் கான்வேவுக்கு எல்.பி.டபிள்யூ. தான் சந்தித்த முதல் பந்திலேயே அவுட். பந்து லெக் ஸ்டம்பை விட்டு விலகிப் போவது போலத்தான் தெரிந்தது. ரிவ்யூ இருந்திருந்தால் நிச்சயம் கேட்டிருப்பார். அடுத்த ஓவரில் பும்ரா பந்தில் உத்தப்பாவுக்கும் எல்.பி.டபிள்யூ. அவருக்கும் ரிவ்யூ கிடையாது. கரண்ட் வந்து ரிவ்யூ கிடைப்பதற்குள் ஆட்டம் கையை விட்டுப் போய்விட்டது. சென்னை 97 ரன்னுக்கு ஆல் அவுட். மும்பை 5 விக்கெட் வித்தியாசத்தில் வென்றது. சென்னையின் பிளே-ஆஃப் கனவு அத்தோடு காலி.

உலகின் பணக்கார கிரிக்கெட் லீக்கில் கரண்ட் கட்டால் ரிவ்யூ இல்லை என்றால், மழைக்காக மணிக்கணக்கில் காத்திருக்கிறவர்கள் பத்து நிமிஷம் கரண்டுக்காகக் காத்திருக்கக் கூடாதா? இந்தக் கேள்வி நியாயமானதுதான். அந்த இரண்டு அம்பயர்களும் செய்ததைவிட, "பரவாயில்லை, ஆரம்பிங்க" என்ற முடிவுதான் பெரிய தப்பு. ஆனால் டிவியில் முகம் தெரிந்தது அம்பயருக்கு மட்டும்தான். திட்டு வாங்கியதும் அவர்தான்.

கண் முன்னாடி நடக்கும் நோ-பால் எப்படித் தப்பும்?

2019 மார்ச் 28, பெங்களூரு. மும்பைக்கு எதிராக ஆர்சிபிக்கு கடைசி பந்தில் 7 ரன் தேவை. வீசியவர் மலிங்கா. ரன் வரவில்லை, மும்பை 6 ரன் வித்தியாசத்தில் ஜெயித்து, வீரர்கள் கைகுலுக்கவும் தொடங்கிவிட்டார்கள். அப்போது பெரிய திரையில் ரீப்ளே ஓடியது. மலிங்காவின் கால் கோட்டைத் தாண்டி வெளியே கிடந்தது! கூப்பிட்டிருந்தால் ஒரு ரன்னும், ஃப்ரீ ஹிட்டும் கிடைத்திருக்கும். அப்போது 6 ரன் தேவைப்பட்டிருக்கும். எதிர்முனையில் 70 ரன்னோடு டிவில்லியர்ஸ் நின்றுகொண்டிருந்தார். ஐபிஎல்லில் ஆடுகிறோமா, கிளப் மேட்ச் ஆடுகிறோமா என்கிற ரீதியில் கோலி மைக்கிலேயே பொரிந்து தள்ளினார்.

அந்த முனையில் நின்றவர் எஸ்.ரவி. சென்னை அம்பயர். அப்போது ஐசிசி எலைட் பேனலில் இருந்த ஒரே இந்தியர். 30க்கும் மேற்பட்ட டெஸ்ட்களில் நின்ற அனுபவசாலி. அவருக்கே எப்படித் தப்பியது?

அம்பயர் முதலில் பவுலரின் முன்கால் எங்கே விழுகிறது என்று கீழே பார்க்க வேண்டும். உடனே தலையைத் தூக்கி, பந்து எங்கே பிட்ச் ஆகிறது, பேட்டில் பட்டதா, பேடில் பட்டதா, ஸ்டம்புக்கு நேராகப் போகிறதா என்று பார்க்க வேண்டும். 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து பவுலரின் கையில் இருந்து பேட்ஸ்மேனிடம் போய்ச்சேர அரை நொடிகூட ஆகாது. பஸ்ஸில் டிக்கெட் கிழித்துக்கொண்டே ஏறுகிறவர்களையும் இறங்குகிறவர்களையும் எண்ணுகிற கண்டக்டர் வேலைதான் இது. அவருக்காவது விசில் இருக்கிறது. இந்தச் சூழலில் அம்பயர்கள் காலை விட்டுவிட்டு பந்தில் கவனம் வைப்பது இயல்பாகிவிட்டது. சந்தேகம் வந்தால் விக்கெட் விழுந்த பிறகு ரீப்ளேயில் பார்த்துக்கொள்ளலாம் என்ற பழக்கமும் சேர்ந்துகொண்டது. விக்கெட் விழாத பந்தில் கால் தாண்டினால்? யாரும் பார்க்க மாட்டார்கள்.

ரசிகர்கள் கத்தியது வீண் போகவில்லை. 2020 ஐபிஎல்லில் இருந்து முன்கால் நோ-பாலைப் பார்க்கும் வேலை மூன்றாவது அம்பயருக்குப் போய்விட்டது. ரவிதான் பாவம். 2019ஆம் ஆண்டே எலைட் பேனலில் இருந்து நீக்கப்பட்டார். அடுத்த ஆண்டு நிதின் மேனன் வரும் வரை அந்தப் பட்டியலில் இந்தியர் ஒருவர்கூட இல்லை.

தோனியே மைதானத்துக்குள் வந்த கதை

கால் நோ-பாலை கேமராவிடம் கொடுத்தாகிவிட்டது. இடுப்பு உயர நோ-பால்? அதுதான் அதிக தகராறு. 2019 ஏப்ரல் 11 அன்று ஜெய்ப்பூரில், ராஜஸ்தானுக்கு எதிரான கடைசி ஓவரில், ஸ்டோக்ஸ் வீசிய ஃபுல் டாஸுக்கு ஒரு அம்பயர் நோ-பால் என்று கை நீட்டினார். ஸ்கொயர் லெக்கில் நின்றவர் ஒத்துக்கொள்ளவில்லை. நோ-பால் ரத்து. அவுட் ஆகி வெளியே உட்கார்ந்திருந்த 'கேப்டன் கூல்' தோனி, கூல் எல்லாம் காற்றில் போக, நேராக மைதானத்துக்குள் நடந்துவந்து அம்பயர்களிடம் கேள்வி கேட்டார். 50 சதவீத அபராதம். மேட்சை கடைசி பந்தில் சான்ட்னர் சிக்ஸர் அடித்து சென்னைக்கு முடித்துக் கொடுத்தார். ஜெயித்துவிட்டதால் சென்னை ரசிகர்கள் அதை இப்போது சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள்.

2022 ஏப்ரல் 22இல் டெல்லிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. கடைசி ஓவரில் 36 ரன் தேவை, ரோவ்மன் பவல் முதல் மூன்று பந்தும் சிக்ஸர். மூன்றாவது பந்து இடுப்புக்கு மேலே வந்ததாக டெல்லி கேட்டது. அம்பயர்கள் மறுத்தார்கள். கேப்டன் ரிஷப் பண்ட் தன் பேட்ஸ்மேன்களை வெளியே வரச்சொல்லி சைகை காட்டினார். உதவிப் பயிற்சியாளர் பிரவீன் ஆம்ரே உள்ளேயே போனார். பண்ட்டுக்கு முழுச் சம்பளமும் அபராதம், ஆம்ரேவுக்கு அதோடு ஒரு மேட்ச் தடை. ராஜஸ்தான் 15 ரன்னில் வென்றது.

இதற்கும் மருந்து கண்டுபிடித்தார்கள். 2023 முதல் ஒயிடையும் உயர நோ-பாலையும் ரிவ்யூ கேட்கலாம். 2024இல் ஒவ்வொரு வீரரின் இடுப்பு உயரத்தையும் முன்கூட்டியே அளந்து கணினியில் ஏற்றினார்கள். தையல்காரர் அளவெடுப்பது போல. அந்த சீசனில் கொல்கத்தாவுக்கு எதிராக கோலி ஒரு ஃபுல் டாஸில் கேட்ச் கொடுத்தார். அவர் பந்தைத் தொட்டபோது அது இடுப்புக்கு மேலேதான் இருந்தது. ஆனால் அவர் கிரீஸுக்கு வெளியே நின்றிருந்தார். கிரீஸில் நிமிர்ந்து நின்றிருந்தால் பந்து எந்த உயரத்தில் கடந்திருக்கும் என்பதுதான் விதி. கணினி சொன்ன பந்தின் உயரம் 0.92 மீட்டர், கோலியின் இடுப்பு 1.04 மீட்டர். அவுட்! விதிப்படி சரி. கோலிக்குக் கோபம், 50 சதவீத அபராதம். ஆர்சிபி தோற்றதோ ஒரே ஒரு ரன்னில். மறுநாள் டீக்கடைகளில் யாரும் 0.92 பற்றிப் பேசவில்லை. "நோ-பாலை கொடுக்கல" என்பதுதான் பேச்சு.

'அம்பயர்ஸ் கால்' என்றால் என்ன? ஏன் யாருக்கும் பிடிப்பதில்லை?

ரசிகர்களைக் குழப்புவதில் நம்பர் 1 இதுதான். ஒரே மாதிரி இரண்டு பந்து. இரண்டும் லெக் ஸ்டம்பின் ஓரத்தை உரசிக்கொண்டு போவதாக கணினி காட்டுகிறது. முதல் பந்துக்கு அம்பயர் அவுட் கொடுத்திருந்தார், ரிவ்யூவிலும் அவுட். இரண்டாவது பந்துக்கு நாட் அவுட் கொடுத்திருந்தார், ரிவ்யூவிலும் நாட் அவுட். "ஸ்டம்புல படுதுன்னு மெஷினே சொல்லுது, அப்புறம் எப்படி நாட் அவுட்?"

விஷயம் இதுதான். பந்து பேடில் பட்ட பிறகு அது எங்கே போயிருக்கும் என்பது உண்மையில் யாருக்கும் தெரியாது. திரையில் நாம் பார்ப்பது கணிப்பு. அதுவரை வந்த பாதையை வைத்து கணினி மிச்சத்தை வரைகிறது. கணிப்பு என்றால் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். அதனால், நாட் அவுட்டை அவுட்டாக மாற்ற வேண்டும் என்றால் பந்தின் பாதியாவது ஸ்டம்பில் பட வேண்டும். அதற்குக் கீழே என்றால், களத்தில் நின்றவர் சொன்னதே முடிவு. சந்தேகத்தின் பலன் பேட்ஸ்மேனுக்கோ பவுலருக்கோ இல்லை, அம்பயருக்கு! கோபத்தைத் தணிக்க, அம்பயர்ஸ் கால் வந்தால் ரிவ்யூ பறிபோகாது என்று 2017இல் விதியை மாற்றினார்கள்.

இந்த டி.ஆர்.எஸ்ஸே ரசிகர் கோபத்தில் பிறந்ததுதான். 2008 ஜனவரி, சிட்னி டெஸ்ட். 30 ரன்னில் இருந்தபோது சைமண்ட்ஸ் பேட்டில் பட்டு தோனி பிடித்த கேட்சுக்கு ஸ்டீவ் பக்னர் நாட் அவுட் சொன்னார். சைமண்ட்ஸ் 162 வரை போனார், அதற்குப் பிறகும் அவுட் ஆகவில்லை. கடைசி நாளில் டிராவிட்டின் பேடில் பட்டதற்கு கேட்ச் அவுட் கொடுக்கப்பட்டது. இந்தியா தோற்றது. அடுத்த பெர்த் டெஸ்டில் இருந்து பக்னர் மாற்றப்பட்டார். அதே ஆண்டு ஜூலையில், இலங்கை-இந்தியா டெஸ்ட் தொடரில் ரிவ்யூ முறை முதன்முதலாகச் சோதிக்கப்பட்டது.

வேடிக்கை என்னவென்றால், அந்தத் தொடரில் ரிவ்யூவைப் பயன்படுத்தத் தெரியாமல் இந்தியா திணறியது. அதன் பிறகு இந்திய கிரிக்கெட் வாரியமே டி.ஆர்.எஸ் வேண்டாம் என்று பல ஆண்டுகள் பிடிவாதம் பிடித்தது. இந்திய மண்ணில் நடக்கும் டெஸ்ட் தொடருக்கு அது வந்தது 2016 நவம்பரில், இங்கிலாந்து தொடரில்தான். ஐபிஎல்லுக்கு 2018இல். சிட்னியை மறக்காத ரசிகர்கள் ஒரு பக்கம், அந்த மருந்தையே வேண்டாம் என்ற வாரியம் இன்னொரு பக்கம்.

முரளிதரனுக்கு நடந்தது

அவுட் கொடுப்பதோடு அம்பயரின் அதிகாரம் முடிவதில்லை. ஒருவரின் வாழ்க்கையையே கேள்விக்குள்ளாக்கும் அதிகாரமும் அவருக்கு உண்டு. 1995 டிசம்பர் 26, மெல்போர்ன். கண்டியைச் சேர்ந்த தமிழ் இளைஞர் முத்தையா முரளிதரன் பந்தை எறிகிறார் என்று சொல்லி, அம்பயர் டேரல் ஹேர் 3 ஓவரில் 7 முறை நோ-பால் கொடுத்தார். பத்து நாளில் பிரிஸ்பேனில் ராஸ் எமர்சனும் கூப்பிட்டார். 1999இல் அடிலெய்டில் எமர்சன் மறுபடியும் கை நீட்டியபோது, கேப்டன் ரணதுங்கா அணியை அழைத்துக்கொண்டு எல்லைக் கோடு வரைக்கும் போய்விட்டார். மேட்சே நிற்கும் நிலை. கடைசியில் தொடர்ந்து ஆடி, இலங்கை ஒரு விக்கெட்டில் ஜெயித்தது.

முரளியின் முழங்கை பிறவியிலேயே முழுதாக நீட்ட முடியாதது. அதை ஆய்வுக்கூடத்தில் கேமராக்கள் வைத்து அளந்து பார்த்தார்கள். பிறகு மற்ற பவுலர்களையும் அளந்தபோதுதான் தெரிந்தது, சுத்தமான ஆக்‌ஷன் என்று பேர் வாங்கியவர்களின் கையும் கொஞ்சம் மடங்கி நிமிரத்தான் செய்கிறது. வெறும் கண்ணால் அதைப் பார்க்கவே முடியாது. 15 டிகிரி வரை அனுமதி என்று ஐசிசி விதியை மாற்றியது. முரளி 800 டெஸ்ட் விக்கெட்டோடு விடைபெற்றார். இன்றும் யாரும் தொடாத உயரம். அந்த 7 நோ-பால்களுக்குப் பிறகு மனம் உடைந்து அவர் விட்டுவிட்டுப் போயிருந்தால்?

வீரருக்கு அபராதம், அம்பயருக்கு என்ன?

ரசிகர்களின் அடிப்படை ஆதங்கம் இதுதான். அஸ்வினுக்கு 30 சதவீதம், தோனிக்கு 50, பண்ட்டுக்கு 100. எல்லாம் ஊரறிய அறிவிக்கப்படுகிறது. அம்பயருக்கு? அவர்களுக்கும் மதிப்பெண் உண்டு, ஒவ்வொரு மேட்சுக்கும் மதிப்பீடு உண்டு, கேப்டன்களும் அறிக்கை கொடுக்கிறார்கள். சரியாகச் செய்யாதவர்கள் அடுத்த சீசனில் காணாமல் போகிறார்கள். ஆனால் அது எதுவும் வெளியே வருவதில்லை.

பழையசீவரத்துக்குப் பக்கத்து உத்திரமேரூரில், முதலாம் பராந்தகச் சோழன் காலத்து குடவோலை கல்வெட்டு இருக்கிறது. வாரியத்தில் இருந்துவிட்டு கணக்கு காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய உறவினர்களும் மறுபடி போட்டியிட முடியாது என்று ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். யார் ஏன் தகுதி இழக்கிறார் என்பது ஊருக்கே தெரியும். கிரிக்கெட் ரசிகர்கள் கேட்பதும் கிட்டத்தட்ட அதைத்தான்.

தப்பை ஒத்துக்கொண்டாலே பாதி கோபம் போய்விடும் என்பதற்கு அமெரிக்க பேஸ்பால் உதாரணம். 2010 ஜூன் 2 அன்று, எதிரணியில் ஒருவரைக்கூட பேஸ் ஏற விடாத 'பெர்ஃபெக்ட் கேம்' சாதனைக்கு பவுலர் கலராகாவுக்கு இன்னும் ஒரே ஒரு அவுட்தான் தேவை. அந்த அவுட்டை ஜிம் ஜாய்ஸ் என்ற அம்பயர் இல்லை என்றார். ரீப்ளேயில் அவுட். மேட்ச் முடிந்ததும் ஜாய்ஸ் தானே வந்து தப்பு செய்துவிட்டேன் என்று மன்னிப்புக் கேட்டார். அடுத்த நாள் மைதானத்தில் இருவரும் கைகொடுத்துக்கொண்டபோது ஜாய்ஸ் அழுதுவிட்டார். சாதனை கலராகாவுக்கு கடைசி வரை கிடைக்கவில்லை. ஆனால் ரசிகர்கள் ஜாய்ஸை வெறுக்கவில்லை. அதே பேஸ்பாலில், 2026 சீசன் முதல், அம்பயரின் பால்-ஸ்ட்ரைக் முடிவுகளை கேமராவிடம் முறையிட அணிக்கு 2 வாய்ப்பு தரப்படுகிறது. தொப்பியைத் தட்டினால் போதும், சில நொடியில் பதில்.

சரி, யார்தான் அம்பயர் ஆவது?

தமிழ்நாட்டில் இருந்து ஒருவர் உச்சம் தொட்டிருக்கிறார். சென்னையின் எஸ்.வெங்கட்ராகவன். இந்தியாவுக்காக 57 டெஸ்ட் ஆடியவர், முதல் இரண்டு உலகக் கோப்பைகளிலும் இந்தியாவின் கேப்டன். ஓய்வுக்குப் பிறகு அம்பயராக 73 டெஸ்ட். ஆடியதைவிட நின்றது அதிகம்! அவருக்குப் பிறகு அந்தப் பாதையில் போன பெரிய வீரர்கள் இங்கே மிகக் குறைவு. வர்ணனைக்குப் போனால் பணமும் பேரும் உண்டு, திட்டும் கிடையாது. வெயிலில் ஆறு மணி நேரம் நின்று யார் வாங்கிக் கட்டிக்கொள்வார்?

தேர்வும் சுலபமில்லை. 2022இல் அகமதாபாத்தில், பெண்கள் மற்றும் ஜூனியர் மேட்ச்களுக்கான அம்பயர்களைத் தேர்வு செய்ய கிரிக்கெட் வாரியம் பரீட்சை வைத்தது. எழுதியவர்கள் 140 பேர், தேறியவர்கள் 3 பேர். அதில் கேட்கப்பட்ட ஒரு கேள்வி: மைதானத்துக்கு வெளியே உள்ள கட்டடம், மரம் அல்லது ஒரு ஃபீல்டரின் நிழல் பிட்ச்சில் விழுகிறது, பேட்ஸ்மேன் புகார் சொல்கிறார், என்ன செய்வீர்கள்?

பதில்: கட்டடத்தின் நிழலையும் மரத்தின் நிழலையும் கண்டுகொள்ளத் தேவையில்லை. ஃபீல்டரின் நிழல் என்றால், அவரை அசையாமல் நிற்கச் சொல்ல வேண்டும். அசைந்தால் டெட் பால். சாயங்காலம் பனைமர நிழல் பிட்ச்சில் நீளமாக விழும் ஊர் மைதானங்களில் பேட்டிங் டீம் இந்தப் புகாரைச் சொல்வது வழக்கம்தான். அங்கே நிற்கும் அம்பயர் பையனுக்கு இந்த விதி தெரியாது. தெரிந்து சொன்னாலும், அடுத்து பேட்டிங் இறங்க வேண்டியவன் அவன்தான் என்பதால் யாரும் நம்பப்போவதில்லை.